ரெட்வுட் காடும் முரட்டுக் கடலும்: 101 சாலையில் நான்கு நாள்

வட கலிபோர்னியாவுக்குக் காரில் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் மேப்பைத் திறந்து மைல் கணக்குப் போட்டுத்தான் திட்டம் வகுக்கிறார்கள். சான்பிரான்சிஸ்கோவிலிருந்து வடகோடிக் கரை ஊரான கிரசென்ட் சிட்டி சுமார் 355 மைல், ஆறரை மணி நேரம். ஒரு நாள் போக, ஒரு நாள் வர, நடுவில் ஒரு நாள் பார்க்க என்று முடித்துவிடுகிறார்கள். இந்தக் கணக்கில் விட்டுப்போவது கடல். காடு பல நூறு வருடமாக நின்ற இடத்திலேயே நிற்கிறது. காலை எட்டுக்குப் போனாலும் இருக்கும், மாலை ஐந்துக்குப் போனாலும் இருக்கும். கரையோரத்தில் சில இடங்கள் நாளுக்கு இரண்டு மூன்று மணி நேரம்தான் கால் வைக்க விடும், அதுவும் தினம் ஒரு நேரத்தில். அதனால் முதலில் எடுக்க வேண்டியது ஓத அட்டவணை, அதாவது கடல்மட்டம் ஏறி இறங்கும் நேரங்களின் பட்டியல். வற்றம் (நீர் மிகக் கீழே இறங்கும் நேரம்) எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொண்டு, மிச்சப் பொழுதைக் காட்டுக்குக் கொடுங்கள்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. ரெட்வுட்டைச் செம்மரம் என்று எழுதினால் நமக்கு சேஷாசலம் காடும் கடத்தல் லாரியும்தான் நினைவுக்கு வரும். அது வேறு மரம், இது வேறு மரம். இது ஊசியிலைக் குடும்பம், கடற்கரை ரெட்வுட். உலகிலேயே உயரமாக வளரும் மரம் இதுதான். எனவே இங்கே ரெட்வுட் என்றே வைத்துக்கொள்வோம்.

எந்தப் பக்கமாகப் போவது

போகும்போது 101-ஆம் எண் நெடுஞ்சாலை, திரும்பும்போது கரையை ஒட்டிய ஒன்றாம் எண் சாலை. காரணம் எளிது. அமெரிக்காவில் வண்டி சாலையின் வலப்பக்கம் ஓடுகிறது. தெற்கு நோக்கி வரும்போது கடல் வலக்கைப் பக்கம். ஓரமாக ஒதுங்கி நிறுத்தும் இடங்கள் எல்லாம் உங்கள் பக்கத்திலேயே வரும், எதிர்ப்புற வண்டிகளைக் கடந்து இடது பக்கம் திரும்ப வேண்டியதில்லை. வளைவுக்கு வளைவு குறுகிக்கொண்டே போகும் ஒன்றாம் எண் சாலையில் இது வசதி மட்டுமில்லை, உயிர் விஷயமும்கூட.

இரண்டு சாலைகளும் லெகெட் என்ற சின்ன ஊரில் சேர்கின்றன. அங்கிருந்து வடக்கே ஒன்றாம் எண் சாலையே கிடையாது. கிங் மலைத்தொடர் கடலுக்குள் செங்குத்தாக இறங்குவதால் சாலை போட்டவர்கள் அந்தக் கரையை விட்டுவிட்டு உள்நாட்டுக்கு ஒதுங்கினார்கள். அதனால்தான் அந்தப் பகுதிக்கு 'லாஸ்ட் கோஸ்ட்' என்று பெயர். லெகெட்டிலிருந்து கடலுக்கு இறங்கும் இருபது மைல் சொச்சம் முழுவதும் கொண்டை ஊசி வளைவுகள். வண்டியில் வாந்தி எடுக்கும் பிள்ளைகள் இருந்தால் மாத்திரையை லெகெட்டில் வைத்துக் கொடுத்துப் பயனில்லை. அரை மணி, ஒரு மணி நேரம் முன்பே கொடுத்துவிட வேண்டும்.

மேப் செயலி ஏமாற்றும் இரண்டு இடம்

செயலி எப்போதும் வேகமான வழியையே காட்டும். இந்தப் பயணத்தில் பார்க்க வேண்டிய இரண்டு சாலைகளும் மெதுவான வழிகள்.

முதலாவது, 'அவென்யூ ஆஃப் த ஜயன்ட்ஸ்'. ஃபிலிப்ஸ்வில்லுக்கு அருகே தொடங்கி 31 மைல், 101-க்கு இணையாகவே ஓடுகிறது. செயலியை நம்பினால் பக்கத்து நெடுஞ்சாலையில் பறந்து போய்விடுவீர்கள், மரம் கண்ணிலேயே படாது. நேரம் குறைவாக இருந்தால் ஃபவுண்டர்ஸ் குரோவ் (குரோவ் என்றால் மரத்தோப்பு) ஒன்றில் மட்டும் இறங்கினால் போதும். அங்கே டயர்வில் ஜயன்ட் என்ற மரம் 1991 மார்ச்சில் சாய்ந்து, சாய்ந்த இடத்திலேயே கிடக்கிறது. நின்றபோது 360 அடிக்கு மேல். அதன் வேர்ப் பக்கம் போய்ப் பாருங்கள். இவ்வளவு உயர மரத்துக்கு ஆணிவேரே இல்லை. வேர் ஆறு முதல் பன்னிரண்டு அடி ஆழம்தான் இறங்குகிறது. பக்கவாட்டில் நூறு அடி வரை பரவி, அக்கம்பக்கத்து மரங்களின் வேரோடு பின்னிக்கொள்கிறது. பாதையை விட்டு விலகாதீர்கள் என்று பலகை வைத்திருப்பது இதற்காகத்தான். மேல்மண்ணை மிதித்து இறுக்கினால் தண்ணீர் இறங்காது, வேருக்குக் காற்றும் போகாது.

இரண்டாவது, ப்ரெய்ரி க்ரீக் பூங்காவுக்குள் போகும் நியூட்டன் ட்ரூரி பார்க்வே. பத்து மைல். முன்பு இதுதான் 101. பிறகு மலைமேல் ஒரு புறவழிச்சாலை போட்டு லாரிகளை அங்கே திருப்பிவிட்டார்கள். செயலியும் உங்களை அந்தப் புறவழிக்கே அனுப்பும். பார்க்வேயை இடைநிறுத்தமாகச் சேர்த்துவிடுங்கள், அல்லது பலகையைப் பார்த்து நீங்களே திரும்புங்கள். பெரிய மரங்களுக்கு நடுவே சாலைக்கு ஓரமே இல்லாத இடங்கள் உண்டு. பட்டப்பகலிலும் முகப்பு விளக்கைப் போட்டே ஓட்டுங்கள். இருட்டிலிருந்து வெயில் திட்டுக்கும் வெயிலிலிருந்து இருட்டுக்கும் மாறி மாறிப் போகும்போது எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரியாது. 2014-இல் இந்தப் பார்க்வேயை இரவில் மூட வேண்டி வந்தது. மரத்தின் அடியில் புடைத்து வளரும் முண்டுகளை மேசைப் பலகைக்காக ரம்பம் வைத்து அறுத்துத் திருடினார்கள். செம்மரத்துக்கும் இதற்கும் கடைசியில் ஓர் ஒற்றுமை வந்துவிட்டது!

எந்தக் காட்டுக்கு எத்தனை நேரம்

ரெட்வுட் தேசியப் பூங்கா 1968-இல் உருவாகி 1978-இல் விரிவாக்கப்பட்டது. 1994 முதல் ப்ரெய்ரி க்ரீக், டெல் நார்ட்டே கோஸ்ட், ஜெடடையா ஸ்மித் என்ற மூன்று மாநிலப் பூங்காக்களோடு சேர்த்து ஒரே நிர்வாகம். பெரிய வாயிலோ நுழைவுக் கட்டணமோ கிடையாது. 101-இல் போய்க்கொண்டே உள்ளே நுழைந்து வெளியே வந்துவிடலாம். கோல்டு பிளஃப்ஸ் கடற்கரை மாதிரி சில இடங்களில் மட்டும் பகல்நேரக் கட்டணம் உண்டு.

ஒரே நாள்தான் கையில் இருக்கிறது என்றால் ப்ரெய்ரி க்ரீக்குக்குக் கொடுங்கள். வருகையாளர் மையத்தின் வாசலிலிருந்தே முதுமரக் காடு தொடங்கிவிடுகிறது. எதிரிலேயே புல்வெளி; ரூஸ்வெல்ட் எல்க் மான்கள் மேயும். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை ஆண் மான்கள் மோதிக்கொள்ளும் பருவம். மே, ஜூனில் குட்டியோடு தாய். இரண்டு காலத்திலும் கிட்டே போகக் கூடாது. குறைந்தது 75 அடி தள்ளி நிற்க வேண்டும். சாலையோரம் நிறுத்தும்போது நாலு டயரும் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே இருக்கிறதா என்று பாருங்கள். இங்கே மானைவிடப் பெரிய ஆபத்து, மானைப் பார்த்து நடுச்சாலையில் நிறுத்தும் முன்னால் போகிற வண்டிதான்.

ஃபெர்ன் கேன்யன் தனிக் கதை. இரண்டு பக்கமும் ஐம்பது அடிச் சுவர், சுவர் முழுக்கப் பெரணிச் செடி, அடியில் ஓடை. அங்கே போகும் டேவிசன் சாலை மண் சாலை; ஓடைத் தண்ணீரைக் குறுக்கே கடக்க வேண்டிவரும்; 24 அடிக்கு நீளமான வண்டிக்கும் இழுவை வண்டிக்கும் அனுமதி இல்லை. அண்மை ஆண்டுகளில் மே 15 முதல் செப்டம்பர் 15 வரை காரில் போக முன்பதிவு கட்டாயம். பதிவு இலவசம், ஆனால் 12 டாலர் நிறுத்தக் கட்டணம் தனி. இடம் தீர்ந்துவிட்டதா? வருகையாளர் மையத்திலிருந்து ஜேம்ஸ் இர்வின் பாதையில் நடந்தே போகலாம், அதற்குப் பதிவு வேண்டாம். போக வர ஏறக்குறைய பத்து மைல், முழுக்க முதுமரக் காடு. நடக்கத் தெம்பு இருந்தால் காரில் போவதைவிட இதுவே மேல். பள்ளத்தாக்குக்குள் ஷூ நனையாமல் தப்ப முடியாது. கோடையில் சில பலகைகள் போட்டுவைப்பார்கள், மழைக்காலத்தில் அவையும் இருக்காது. மாற்று காலுறை ஒரு ஜோடி, ரப்பர் அடியுள்ள செருப்பு ஒன்று காரில் இருக்கட்டும்.

டால் ட்ரீஸ் குரோவுக்கும் இலவச அனுமதிச்சீட்டு வேண்டும். பூட்டிய வாயிலுக்கு எண் தருவார்கள். மண் சாலையில் போய், சுமார் 800 அடி கீழே இறங்கி, அதே 800 அடியை மேலே ஏற வேண்டும். பெயரைக் கேட்டு எல்லாரும் இதற்கே ஓடுகிறார்கள். கீழே போனால் ப்ரெய்ரி க்ரீக்கில் பார்த்த அதே காடுதான், கூட்டம் மட்டும் குறைவு. அரை நாள் செலவழிக்க முடிந்தால் போங்கள்.

ஹைப்பீரியன் என்று ஒரு மரம் இருக்கிறது; 2006-இல் கண்டுபிடிக்கப்பட்டது, உயரம் 115 மீட்டருக்கு மேல். அதற்குப் பாதையே கிடையாது. இணையத்தில் இருப்பிடக் குறி பார்த்துப் போனவர்கள் மிதித்தே அடிமரத்தைச் சுற்றியிருந்த செடிகளை அழித்துவிட்டதால் 2022 முதல் அந்தப் பகுதி மூடப்பட்டிருக்கிறது. மீறினால் 5,000 டாலர் வரை அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும். அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் 300 அடி மரமும் 380 அடி மரமும் ஒன்றுபோலத்தான் தெரியும், உச்சி கண்ணுக்கு எட்டாது.

ஜெடடையா ஸ்மித் பூங்காவின் ஹவுலண்ட் ஹில் சாலை பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மொத்தப் பயணத்திலும் காருக்குள் இருந்தபடியே முதுமரக் காட்டை மிக நெருக்கமாகப் பார்க்கக் கிடைப்பது இங்கேதான். கிரசென்ட் சிட்டியின் எல்க் வேலி சாலையிலிருந்து தொடங்கி, அந்தப்பக்கம் 199-ஆம் சாலையில் ஏறலாம். பெரும்பகுதி மண் சாலை, சில இடத்தில் ஒரு வண்டி அகலமே உண்டு. இரண்டு அடிமரங்களுக்கு நடுவே பக்கக் கண்ணாடி உரசாமல் நுழைய வேண்டும். சாதாரணக் கார் போதும், வேகம் மணிக்கு பத்துப் பதினைந்து மைல். குழிகளில் மழைத்தண்ணீர் நின்றால் ஆழம் தெரியாது, சுற்றிப் போங்கள். எதிரே வண்டி வந்தால் ஒதுங்க இடம் யாருக்கு அருகே இருக்கிறதோ அவர் பின்னால் போக வேண்டும். வாடகைக் கார் ஒப்பந்தங்கள் பலவற்றில் மண் சாலைக்குக் காப்பீடு இல்லை என்று பொடி எழுத்தில் இருக்கும். அதைக் கிளம்பும் முன்பே படித்துவிடுங்கள். மோட்டார் வீடும் இழுவை வண்டியும் இந்தச் சாலைக்குள் வர வேண்டாம்.

வழியில் குரோவ் ஆஃப் டைட்டன்ஸ், பிறகு ஸ்டவுட் குரோவ். ஸ்டவுட் குரோவ் அரை மைல் சுற்று, சமதளம், முதியவர்களும் நடக்கலாம். ஆற்றங்கரை மண் என்பதால் மரங்களுக்கு அடியில் பெரணி தவிரப் புதர் அதிகம் கிடையாது, கண்ணுக்கு மறைப்பு இல்லை. பிற்பகல் சாய்வெயில் உள்ளே விழும் நேரம் நல்லது. கேமராவுக்கு மட்டும் வெயிலைவிட மூடுபனி உகந்தது. வெயிலில் வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கேமரா தாங்காது, ஒன்று வெளுக்கும் அல்லது கறுக்கும்.

கோடையில் வரும் அந்தப் பனிமூட்டத்தைப் பலர் திட்டுகிறார்கள். அது இல்லையென்றால் இந்தக் காடே இல்லை. இங்கே மழை பெரும்பாலும் அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரைதான். வறண்ட கோடையில் இலைகளில் படிந்து சொட்டும் மூடுபனி, காட்டுக்குக் கிடைக்கும் ஆண்டு நீரில் மூன்றில் ஒரு பங்கு வரை இருக்கிறது. கடலிலிருந்து உள்ளே போகப் போக மூடுபனி குறையும், ரெட்வுட்டும் மறைந்துவிடும். ஜூலையிலும் கரையில் குளிர் ஆடை தேவைப்படும். அதே நாளில் உள்நாட்டில் கார்பர்வில்லில் வெயில் கொளுத்தும்.

காட்டில் சாப்பிடும்போது ஒரு விதி உண்டு: ஒரு துணுக்குகூடக் கீழே சிந்தக் கூடாது. முறுக்குத் தூளும் சிப்ஸும் சிந்தினால் ஸ்டெல்லர் ஜே பறவைகளும் அண்டங்காக்கைகளும் கூடும். அவை கூடும் இடத்தில் மார்பிள்டு மர்லெட் என்ற கடல்பறவையின் முட்டையும் பறிபோகும். அது கூடு கட்டுவதில்லை. முதுமரத்தின் பாசி படிந்த கிளையில் ஒரே ஒரு முட்டை இடும். நம் மிச்சர் பொட்டலத்துக்கும் அழியும் நிலையில் உள்ள ஒரு பறவைக்கும் இப்படி ஒரு தொடர்பு.

கடல்

சென்னைக் கரையில் கடல்மட்டம் அதிகம் போனால் மூன்றடி ஏறி இறங்கும். அதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஓதம் என்பது பாடப்புத்தகச் சொல். கிரசென்ட் சிட்டியில் சராசரி வித்தியாசமே ஏறக்குறைய ஏழடி. முழுநிலவு, அமாவாசையை ஒட்டி அதற்கும் மேல். நடந்து போன மணல் திரும்பும்போது இருக்காது.

அமெரிக்க அரசின் கடல், வானிலை அமைப்பான நோவாவின் (NOAA) இணையதளத்தில் கிரசென்ட் சிட்டி நிலையத்தைத் தேர்ந்தெடுங்கள். நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். இரண்டு வற்றமும் ஒரே அளவாக இருக்காது, ஆழமானதைப் பாருங்கள். அளவு ஓர் அடிக்குக் கீழே என்றால், நீர் வற்றியபின் பாறை இடுக்குகளில் தேங்கி நிற்கும் குட்டைகளைப் பார்க்கலாம். கழித்தல் குறியோடு வந்தால் அருமை. தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். கோடைகால ஆழ் வற்றங்கள் விடியற்காலையிலும் முற்பகலிலும் வரும், குளிர்காலத்தில் பிற்பகலிலும் மாலையிலும். ஆகவே கோடையில் காலை கடலுக்கு, பிற்பகல் காட்டுக்கு. குளிர்காலத்தில் அப்படியே மாற்றுங்கள். ஆனால் இருட்டும் முன் கரையை விட்டு ஏறிவிடுங்கள். அச்சிட்ட அட்டவணையாக இருந்தால் அது கோடை நேரத்துக்கு (அங்கே கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவைப்பார்கள்) திருத்தியதா என்று பாருங்கள். ஒரு மணி நேரத் தவறு இங்கே பெரிய தவறு.

வற்றத்துக்கு ஒன்று, ஒன்றரை மணி முன்பே போய், நீர் திரும்பத் தொடங்கியதும் கிளம்புவதே முறை. ஏற்றம் சீராக வராது. ஆறு மணி நேர ஏற்றத்தில் முதல் மணியில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் ஏறும். மூன்றாவது, நான்காவது மணிகளில் மட்டும் பாதித் தண்ணீர் வந்துவிடும். 'இப்போதுதானே மெதுவாக ஏறுகிறது' என்று நிற்பவர்கள் மாட்டிக்கொள்வது அதனால்தான். கிரசென்ட் சிட்டியின் பேட்டரி பாயிண்ட் கலங்கரை விளக்கத்தில் (1856) இதைக் கண்ணால் பார்க்கலாம். வற்றத்தில் நடந்து போகும் வழி ஏற்றத்தில் கடலாகிவிடும்.

ஓதம் சரியாக இருந்தாலும் ஸ்னீக்கர் அலை என்று ஒன்று உண்டு. பத்து இருபது நிமிடம் அமைதியாக இருந்துவிட்டு, முன்னறிவிப்பில்லாமல் ஒன்று கரையில் மிக உயரம் ஏறி வரும். தொலைவில் அடித்த புயலின் நீளமான அலைகள் ஒன்றோடொன்று சேர்வதால் நேர்வது இது. இறங்கும் முன் இருபது நிமிடம் மேலே நின்று கடலைப் பாருங்கள். மணல் எதுவரை ஈரமோ அதுவரை அலை வந்திருக்கிறது. கடலுக்கு முதுகு காட்டி செல்ஃபி எடுக்க வேண்டாம். கரையில் கிடக்கும் பெரிய மரக்கட்டைகள் மேல் பிள்ளைகளை ஏற்றாதீர்கள். சில அங்குலத் தண்ணீரிலேயே பல டன் கட்டை மிதந்து உருளும். தண்ணீர் வருடம் முழுக்க ஏறக்குறைய 10 முதல் 13 டிகிரி செல்சியஸ். விழுந்ததும் மூச்சு திணறித் தண்ணீரை உள்ளிழுத்துவிடுவார்கள், நீச்சல் தெரிந்தவருக்கும் இதே கதிதான்.

இந்தக் கரை காஸ்கேடியா நிலத்தட்டு எல்லையில் இருக்கிறது. 1700 ஜனவரியில் அங்கே பெரும் நிலநடுக்கம். 1964-இல் அலாஸ்கா நிலநடுக்கத்தின் சுனாமி கிரசென்ட் சிட்டியில் 11 பேரைக் கொன்றது. முதல் அலை சிறியது, ஊர்க்காரர்கள் திரும்பிவந்து கடைகளைச் சுத்தம் செய்யத் தொடங்கினார்கள், நான்காவது அலைதான் ஊரை அடித்துப் போனது. 2004-ஐப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கடற்கரையில் நிற்கும்போது நிலம் பலமாக ஆடினால் எச்சரிக்கை ஒலிக்குக் காத்திராமல் நீலப் பலகை காட்டும் மேட்டுக்கு நடந்தே ஏறுங்கள், மணிக்கணக்கில் இறங்காதீர்கள்.

சாலை, எரிபொருள், எல்லை தாண்டல்

கிளாமத்துக்கும் கிரசென்ட் சிட்டிக்கும் நடுவே 'லாஸ்ட் சான்ஸ் கிரேடு' என்ற மூன்று மைல் துண்டு, மலையோடு சேர்ந்து கடலை நோக்கிச் சரிந்துகொண்டே இருக்கிறது. மலைக்குள் சுமார் 6,000 அடிச் சுரங்கப்பாதை அமைப்பதென்று 2024-இல் முடிவாகியிருக்கிறது. அதுவரை ஒற்றைத் தடமும் காத்திருப்பும்தான். மூடிவிட்டால் சுற்றுவழி சில நூறு மைல். எனவே அன்று காலை கால்ட்ரான்ஸ் குயிக்மேப்பை (மாநிலச் சாலைத் துறையின் இணைய வரைபடம்) பார்க்காமல், வழியில் வரும் யுரீகா ஊரை விட்டு வடக்கே கிளம்ப வேண்டாம். மரத்தோப்புகளில் கைப்பேசி அலைவரிசை கிடைக்காது; வரைபடம், ஓத அட்டவணை, முன்பதிவுச் சீட்டு மூன்றையும் முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் யுரீகா, அர்காட்டாவில் நிரப்பினால் கிரசென்ட் சிட்டி வரை கவலையில்லை. முகாமிட நினைத்தால் மாநிலப் பூங்கா முன்பதிவு ஆறு மாதம் முன்பே திறக்கும், கோடை வார இறுதிகள் உடனே தீர்ந்துவிடும்.

நான்காம் நாள் பக்கத்து மாநிலமான ஒரேகானின் எல்லையைத் தாண்டுங்கள். கிரசென்ட் சிட்டியிலிருந்து ப்ரூக்கிங்ஸ் 26 மைல். அதற்கு வடக்கே சாமுவேல் போர்ட்மேன் கரைப் பூங்கா, பன்னிரண்டு மைல், கட்டணம் இல்லை. ஆர்ச் ராக், நேச்சுரல் பிரிட்ஜஸ் இரண்டும் வண்டியை நிறுத்திச் சில நிமிடம் நடந்தாலே தெரியும். நேச்சுரல் பிரிட்ஜஸில் வளைவின் மேலேயே நடக்க ஆட்கள் சரிவில் இறங்குகிறார்கள். மண் இளகியது, பிடிக்க எதுவும் இல்லை, மேலிருந்து பார்ப்பதே அழகும்கூட. சீக்ரெட் பீச்சுக்கு வற்றத்தில் மட்டும் இறங்குங்கள். தாமஸ் க்ரீக் பாலம் 345 அடி உயரம், ஒரேகானிலேயே உயரமானது. பாலத்தின் மேல் நிறுத்தக் கூடாது, பக்கத்தில் இடம் உண்டு. 1967-இன் சட்டப்படி ஒரேகானில் கடற்கரை மணல் செடி வரிசை வரை எல்லாருக்கும் பொது, 'தனியார் கடற்கரை' என்று யாரும் விரட்ட முடியாது.

திரும்பும்போது ஸ்மித் ரிவர் அருகே கலிபோர்னியாவின் வேளாண் சோதனைச் சாவடி வரும். ஒரேகானில் வாங்கிய பழங்களைப் பற்றிக் கேட்பார்கள், சிலவற்றை எடுத்தும் வைத்துக்கொள்வார்கள். சாவடிக்கு முன்பே சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.